தப்பிப் போன ஆடு

ஹாரோபெக் நகர சபை, வியாழன் மாலை ஆறரை.
நார்தம்பர்லேண்ட் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது.
நாயும் பூனையுமாகப் பெய்கிறது என்றபடி
ஒவ்வொருவராக வந்து குடையை உதறினார்கள்.
ஏன் நாய், ஏன் பூனை? எவருக்கும் தெரியாது.
எனிட் ப்ளெங்கின்சாப்புக்கும் தெரியாது.
வைக்கோல் கூரையிலிருந்து வழுக்கி விழுந்தவை என்று
யாரோ கட்டிவிட்ட கதையை அவள் நம்புவதில்லை.
பத்தொன்பது வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவள்;
நடந்ததை மட்டும் எழுதிப் பழகிய கை.

முதல் விவாதம் நீச்சல் குளம்.
"வெள்ளை யானை அது" என்றார் தலைவர் ஹெப்பிள்.
எழுதினாள். எழுதி முடிப்பதற்குள்
கதவுச் சட்டத்தில் விலா உரச உள்ளே வந்தது.
சியாம் மன்னன் தனக்கு ஆகாத பிரபுவுக்கு
அன்பளிப்பாக அனுப்புவானாம் அதை.
விற்கக் கூடாது. வேலை வாங்கக் கூடாது.
கட்டித் தீனி போட்டே பிரபு
கஞ்சிக்கு வழியற்றுப் போக வேண்டும்.
கொல்லாமல் கொல்கிற மரியாதை.
இப்போது ஹீட்டர் பக்கம் நின்று
பிஸ்கட் தட்டைத் துழாவுகிறது,
ஒருவரும் கவனிக்கவில்லை.

"கூரைக்கென்று வசூலித்த நாற்பதாயிரம் பவுண்ட் எங்கே?"
கேட்டவள் மார்கரி ஓர்ட், மூன்றாவது கூட்டமாக.
"செத்த குதிரையை எத்தனை முறை அடிப்பீர்கள்?"
பொருளாளர் ஃபென்விக் சிரித்தார்.
செத்த குதிரை என்றால் எனிட்டுக்கு மாலுமிகள் ஞாபகம்.
முதல் மாதச் சம்பளத்தை முன்பணமாக வாங்கித்
துறைமுகத்திலேயே குடித்துத் தீர்த்துவிட்டு
அந்த மாதம் முழுக்க வெறுங்கைக்குக் கயிறு இழுத்தவர்கள்.
மாதம் முடிந்த நாளில்
வைக்கோலில் ஒரு குதிரை கட்டிக் கடலில் எறிவார்கள்.
கடன் தீர்ந்த கும்மாளம்.
இங்கே முன்பணம் வாங்கியது யார், குடித்தது யார்
என்றெல்லாம் அவள் எழுதவில்லை.
கேள்விக்குறியை மட்டும் கொஞ்சம் அழுத்திப் போட்டாள்.

"இதெல்லாம் சிவப்பு ஹெர்ரிங்" என்றார் ஃபென்விக் மறுபடி.
புகையில் வாட்டி வாட்டிச் சிவந்த மீன்;
வேட்டைத் தடத்தின் குறுக்கே இழுத்துவிட்டால்
நாய் முயலை மறந்து நாற்றத்தின் பின்னே போகும்.
எனிட் மூக்கை உறிஞ்சினாள்.
வாடை வந்தது அவருடைய கோட்டுப் பையிலிருந்துதான்.

அப்போது புதுக் கவுன்சிலர் டாரில் ஸ்னெய்த்,
இருபத்து மூன்று வயது, வெள்ளந்தியாகக் கேட்டான்:
"அந்தக் கணக்கைத்தான் மார்ச்சிலேயே மூடிவிட்டோமே?"

சாக்கு அவிழ்ந்தது.
பன்றிக்குட்டி என்று விலை பேசிய சாக்கு;
துள்ளிக் குதித்தது பூனை.
சந்தையில் நிஜமாகவே அப்படி ஏமாற்றினார்களா
என்பதற்கு ஆதாரம் குறைவு.
மேஜைமேல் நின்ற பூனைக்கு ஆதாரம் தேவைப்படவில்லை.
முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது
இதைவிடச் சுலபம்.

பிறகு எல்லா முகங்களும் மெல்ல எனிட் பக்கம் திரும்பின.
"பதிவில் ஏதோ பிழை நேர்ந்திருக்கலாம்"
என்றார் ஹெப்பிள், வெகு கனிவாக.
அன்று பெயர் சொல்லி அழைக்கப்படாத விலங்கு
அது ஒன்றுதான்.

நம் மொழியில் அது பலியாடு.
மஞ்சள் நீர் தெளித்துத் தலையை ஆட்டினால் கதை முடிந்தது.
அவர்கள் மொழியில் வேறு.
ஐந்நூறு வருடம் முன்பு வேதத்தைப் பெயர்த்த ஒருவர்
பிடிபடாத எபிரேயச் சொல்லொன்றின் முன் தயங்கி
புதிதாக ஒன்று செய்தார்: தப்பிப் போகும் ஆடு.
ஆடுகள் இரண்டு. ஒன்றுக்குக் கத்தி.
மற்றதன் தலையில் ஊர்ப் பாவத்தை எல்லாம் ஏற்றி
வனாந்தரத்தில் விட்டுவிடுவார்கள்.
வழி திறந்தபோது அந்த ஆட்டுக்கு எப்படி இருந்தது என்று
வேதத்தில் இல்லை.

எட்டு பத்துக்குக் குறிப்பாளர் வெளியேறினார்
என்று எழுதிப் பேனாவை மூடினாள்.
ஊர்ப் பாவம் அவ்வளவும்
மழைக்கோட்டுக்குள், நீலக் குறிப்பேடாக, நெஞ்சோடு.
ஹெக்ஸாம் பஸ் எட்டரைக்கு.
அங்கே தணிக்கை அலுவலகம் காலை ஒன்பதுக்குத் திறக்கும்.
மழை வெறும் மழையாகப் பெய்தது.

உள்ளே, யானைக்கு இனி யார் தீனி போடுவது என்று
பேச்சு நீண்டுகொண்டிருந்தது.
எழுதிக்கொள்ள ஆளில்லை.