வலப்பக்கம் மட்டும்

இடப்பக்கம் திரும்பச் சொன்னால் திரும்புகிறது.
வலப்பக்கம்தான் வம்பு.
கைக்கருவியின் சின்னச் சக்கரத்தைத் திருகியபின்
ஒரு கணம் யோசிக்கிறது,
மூக்கை வெளியே நீட்டி ஓரப்பலகையை முகர்கிறது,
பிறகு வேண்டாவெறுப்பாக வளைகிறது.

ஒலு நகரில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்று.
பழைய காகிதக் கிடங்கில் சாம்பல் கம்பளம் விரித்து
முழங்கை நீளக் கார்களை ஓட்டுகிறோம் பதினாறு பேர்.
வார நாட்களில் நான் ஓட்டுவது
நடுவில் துருத்தி வைத்த பதினெட்டு மீட்டர் பேருந்து.
எழுபது பேரைச் சுமந்து
உறைபனி மேல், ஆஸ்பத்திரி வளைவில்,
அது எனக்கு அடங்குகிறது.
ஒன்றேகால் கிலோ இருக்கும் இது
அடங்க மாட்டேன் என்கிறது.

நோட்டில் எல்லாம் இருக்கிறது.
ஜனவரி ஒன்பது: முன் ஷாக்கில் எண்ணெயை இளக்கினேன்.
பதினாறு: சுருள்வில்லை மாற்றினேன், ஒரு படி மெத்தென்று.
அன்று மட்டும் நன்றாக ஓடியது,
அல்லது அன்று நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.
அதற்குப் பிறகு
சக்கரச் சாய்வில் அரை டிகிரி,
பின்பக்க உயரத்தில் கால் மில்லிமீட்டர்,
டயருக்குப் பூசும் திரவத்தை ஊறவிட இன்னும் ஐந்து நிமிடம்.
ஒவ்வொன்றும் ஏதோ செய்தது.
எதுவும் இதைச் செய்யவில்லை.

நோட்டின் முதல் வரி டிசம்பரில் எழுதியது:
*இல்ப்போ இடித்தான். நேர்ப்பாதை முடிவில். வேண்டுமென்றே.*
கடைசிச் சொல்லின் கீழ் இரண்டு கோடு.
அவன் பல்செட் செய்கிறவன். பக்கத்து மேசை.
ஆறு வாரமாக அவனிடம் நான் பேசவில்லை.
சாலிடரிங் கம்பி வேண்டுமானால்
மூன்று மேசை தாண்டி ஆர்மியிடம் போய்க் கேட்பேன்.

இன்று அவன் காபிக்குப் போனபோது
அவனுடைய கண்ணாடித் தட்டு வெறுமனே கிடந்தது.
உயரம் அளக்க, ஒரு நிமிடம்தானே என்று,
என் காரை அதன் மேல் வைத்தேன்.
விரல் பட்டது.
டக்.

இன்னொரு முறை தொட்டேன். டக்.
உணவகத்தில் ஆடும் மேசையின் சத்தம்.
கத்திமுனையை முன்பக்க நடுவில் கொடுத்துத் தூக்கினால்
ஒரு சக்கரம் எழுகிறது, மற்றது
இன்னும் உட்கார்ந்திருக்கிறது.
நான் பிடித்த முயல்
உண்மையிலேயே மூன்று காலில்தான் நின்றிருக்கிறது.

இடித்ததால் வளைந்ததென்றால் தட்டில் தெரியும்.
தட்டில் கீறல்கூட இல்லை.
மேல்தட்டின் மூலைத் திருகாணி ஒன்று மட்டும்
வெறிபிடித்தாற்போல் இறுக்கப்பட்டிருந்தது.
அந்த இரவு, ஓட்டம் முடிந்ததும்,
பழைய தட்டைக் கழற்றிப் புதியதை மாட்டிய கை
எனக்கு நினைவிருக்கிறது.
அது என் கை.
பல்லைக் கடித்துக்கொண்டு முடுக்கியது.

எட்டுத் திருகாணியையும் தளர்த்தினேன்.
கார் பெருமூச்சு விட்டதென்று சொன்னால் பொய்;
கார்பன் தட்டு பெருமூச்சு விடாது.
கண்ணாடி மேல் உள்ளங்கையால் மெல்ல அழுத்தி,
எதிரெதிர் மூலையாக, பிடித்தும் பிடிக்காமலும் இறுக்கினேன்.
தொட்டுப் பார்த்தேன். சத்தமில்லை.

இல்ப்போ திரும்பி வந்து பார்த்தான்,
தன் கண்ணாடியை, அதன் மேல் என் காரை.
ஒன்றும் கேட்கவில்லை. நின்றபடியே காபி குடித்தான்.
"திருகாணி" என்றேன்.
"ம்" என்றான்.
ஃபின்லாந்தில் இது நீண்ட உரையாடல்.

எண்ணெய், வில், சாய்வு எதையும்
பழையபடி மாற்ற நேரமில்லை. ஒலிபெருக்கியில் என் பெயர்.
கோணலுக்காகச் சேர்த்த அத்தனை மருந்தோடும்
கோணலில்லாத கார் ஓடியது:
பின்பக்கம் வழுக்கி, இரண்டு முறை சுழன்று,
ஏழாவதாகக் கிளம்பி எட்டாவதாக வந்தேன்.

நோட்டில் எழுதினேன்.
பிப்ரவரி இருபது: வால் ஆடுகிறது.
இடப்பக்கமும் வலப்பக்கமும்,
ஒரே அளவு.