காற்று எந்தப் பக்கம்

இரவு இரண்டு பதினேழுக்கு மணி அடித்தது.
மான்குர்த், பங்கார் கடை, சிலிண்டர் ஒன்று ஊதுகிறது என்றான்
இந்தியில்.
நிறம்?
மஞ்சள். இல்லை, பச்சை. விளக்குக் கம்பத்தின் காலடியில்
பாசி மாதிரி.
வாடை?
பொதுக் கழிப்பறை கழுவின மறுநிமிஷம்.
குளோரின் என்று கோர்படேயிடம் உதட்டை அசைத்தேன்.
அவர் வண்டியை எழுப்பினார்.

அவன் இருமினான். இருமலுக்கு நடுவே
"அய்யோ, புள்ள முழிச்சிட்டா" என்றான்.
பதினோரு வருஷத்தில்
இந்த மேசைக்குத் தமிழ் வந்தது அன்றுதான்.

பெயர் பவுன்ராஜ். வெல்டர்.
எல்லாரும் நாலாப் பக்கம் ஓடுறாங்கக்கா, நாங்களும்...
வேண்டாம்.
அது கனமான காத்து. தண்ணி மாதிரி பள்ளம் தேடும்.
நாலாவுல நின்னா கழுத்தளவு வரும்.
கொடியில துணி கிடக்கா? எந்தப் பக்கம் பறக்குது?
பறக்கலக்கா.
நல்லாப் பாரு.
மதினி சேலை, இன்னும் காயல. முந்தி மட்டும் லேசா
ரயில் பாதைப் பக்கம்.
அதுக்குக் குறுக்கே போ. மாடிக் கட்டிடம் இருக்கா?
ஏழு மாடி.
ஏறு. ஈரத்துணியால மூக்கைப் பொத்து.
பைக்கை மட்டும் ஸ்டார்ட் பண்ணாதே.

பிறகு நான் கேட்டதெல்லாம் படிகள்.
செருப்பில்லாத கால்கள், தட்டப்படும் கதவுகள்,
மராத்தியில் ஒரு வசவு, தெலுங்கில் ஒரு சாமி.
மொட்டைமாடி பூட்டியிருக்குக்கா.
சாவி செயலாளரிடம். செயலாளர் ஷீரடியில்.
கையில என்ன இருக்கு?
புள்ள. இன்னொரு கையில சுத்தியல்.
ஏன் எடுத்தேன்னு தெரியல.
அடி, என்றேன்.
அரசு ஊழியர் ஒருவர் பூட்டை உடைக்கச் சொன்னது
ஒலிப்பதிவில் இருக்கிறது. இருக்கட்டும்.

நாலரைக்கு வண்டியிலிருந்து சொன்னார்கள்:
பித்தளைக்கு ஆசைப்பட்டு வால்வை அறுத்திருக்கிறார்கள்.
ஓட்டை மேலே பார்க்கும்படி உருட்டி
மர முளை அடித்தாயிற்று.
கசிவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல்
தள்ளி நின்று நீர்த்திரை பிடித்தோம்.
நாலாவிலிருந்து ஒன்பது பேரைத் தூக்கினோம்.

தூக்கினோம் என்றால் என்ன என்று
நான் கேட்கவில்லை.

பதிவேட்டில் அவனுக்கு ஒரு வரி:
அழைத்தவர், ஆண், வெல்டர்.
மொழி என்று ஒரு கட்டம் இருக்கிறது.
இந்தி என்று எழுதி அடித்தேன்.

காலை ரயிலில் ஜன்னலோரம் நின்றேன்.
பாதையோர பாதாம் மரம் ஒரு பக்கம் மட்டும் வெளுத்திருந்தது,
யாரோ பாதியில் விட்டுப்போன வெள்ளையடிப்பு போல.
கொடியில் ஒரு சேலை. அதுதானா?
எந்த ஏழு மாடி என்று எண்ணுவதற்குள்
ரயில் கழிமுகப் பாலத்தில் ஏறிவிட்டது.
முதல் தடவையாக, எழுந்த உப்புக் காற்றில்
என் முந்தானை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தேன்.