உப்புக் குப்பியின் படையெடுப்பு

விஜேவானோ. ஐம்பத்தொன்று, மார்ச் மழை.
கடை மூடும் நேரத்தில்
என் தம்பி ஒத்தொரீனோவும் கூட்டாளிகளும்
மறுபடி அந்தப் போரைத் தொடங்குகிறார்கள்.

மேசைத்துணியின் மடிப்பு, பிந்துஸ் மலை.
சிந்திய ஒயின், வியோசா ஆறு.
உப்புக் குப்பிதான் மலைப்படை.

இந்த முறை அக்டோபரில் இல்லை, ஜூனில்.
இந்த முறை டாங்கிக்கு டாங்கி ரேடியோ,
கோவேறு கழுதைக்கு வயிறு நிறையத் தீனி,
கைக்கு உறை,
"காலுக்கு நிஜத் தோல்" என்கிறான் தம்பி.

கோப்பை கழுவும் என் கை நிற்கிறது.
அட்டையைத் தோலென்று முத்திரை குத்திய கை.
நாளொன்றுக்கு நானூறு ஜோடி.
மேஸ்திரி சொன்னார், குத்தினேன்.
அவனுக்குத் தெரியும்.
கேட்டதில்லை.

குப்பி மடிப்பைத் தாண்டுகிறது.
யானினா விழுந்தது. லாரிசா விழுந்தது.
வழியில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை
விரலால் சுண்டுகிறான் பிரிமோ.
"இரு" என்கிறான் எல்வீஜோ,
"என்னைச் சிறைபிடித்தவன்
என் காலுறையை அடுப்பில் காயவைத்துத் தந்தானே,
அவன் வீடு இதில் எது?"

யாரும் பேசவில்லை.
பிறகு ஏதென்ஸ். பிறகு கிரீட்.
பிறகு மேசை தீர்ந்துவிட்டது.
விளிம்பில் தள்ளாடுகிறது குப்பி.
"இன்னும் போகலாம்,
பூட்ஸ் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறான் பிரிமோ.

விளக்கை அணைக்கிறேன்.
தம்பி எழுகிறான்,
மூன்று விரல் போன இடது பாதத்தைத்
தரையில் தேடித் தேடி வைத்து.
அந்தக் காலணி நுனியில் நான் திணித்த பஞ்சு
இந்நேரம் நனைந்திருக்கும்.
காலையில் மாற்ற வேண்டும்.