எண்ணும் அலுவலர்

பெட்டியைக் கவிழ்த்தபோது இரவு ஒன்பதரை.
நுவரெலியாவில் அந்த மண்டபத்துக்குக் கதவு இருந்தது,
குளிருக்கு அது தெரியவில்லை.
ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை,
அதற்கும் மேல் தொங்கும் அட்டை:
பி. லோகாம்பிகை, எண்ணும் அலுவலர், மேசை பதினான்கு.
பள்ளிக்கூடத்தில் நான் கணிதம்.
தேர்தலுக்கும் கணிதம்தான்.

எதிரே குமுதினி மிஸ், ராகலைப் பக்கம்.
அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம்,
இலக்கங்களுக்கு இரண்டும் வேண்டாம்.
ஐம்பது ஐம்பதாய் அடுக்கி ரப்பர் போட்டோம்.
நடுச்சாமத்தில் ஒரு பணிஸும் ஆறிய பிளேன்டீயும் வந்தன.
"இடர்கடன் எவ்வளவு மிச்சம்?"
அந்தச் சொல்லை மட்டும்
பிசகாமல் தமிழில் சொன்னார்.
நான் விரல்களைக் காட்டினேன். மாதமில்லை, வருடம்.
அவரும் காட்டினார்.
என்னுடையதைவிட ஒரு விரல் கூட.

ஏழாம் இலக்கத்தில் புள்ளடி.
ஏழாம் இலக்கத்தில் புள்ளடி.
ஏழு.
அவரை எனக்குத் தெரியும்.
எங்கள் பள்ளிக்கூடத்தில் கதவு வராத கழிப்பறைக்கு
நாடா வெட்டினார்.
மழையில் பேண்ட் வாத்தியப் பிள்ளைகள் நின்றார்கள்.
ஆசிரியத் தொழில் புனிதமானது என்றார்.
புனிதத்துக்கு
எந்தக் கண்டக்டரும் அரை டிக்கட் கிழிப்பதில்லை.

போன தவணை தரம் எட்டுக்கு விகிதம்.
புத்தகத்தில் மாம்பழமும் தோடம்பழமும்.
சசிரூபன் எழும்பி
"டீச்சர் சம்பளத்துக்கும் எம்பி சம்பளத்துக்கும் போடுவமா?" என்றான்.
போட்டோம்.
அடிப்படைச் சம்பளம் வரை அவ்வளவு மோசமில்லை.
பிறகு அமர்வுக்கு ஒன்று, சாரதிக்கு ஒன்று,
தொலைபேசிக்கு, அலுவலகத்துக்கு, டீசலுக்கு,
கரும்பலகை தீர்ந்து சுவருக்குப் போனான்.
என் பக்கத்தில் ஒரு வாழ்க்கைச்செலவுப் படி,
அதற்குக் கீழே எல்லாம் கழித்தல்.
"சுருக்கு" என்றேன்.
நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்:
"பொதுக் காரணி இல்ல டீச்சர்."

கடைசி வாங்கிலிருந்து திலகேஸ்வரி,
அவள் அம்மா பத்தாம் நம்பர் மலையில் கொழுந்து,
"அப்ப ஒங்களுக்கும் அரைப்பேரா?"

யாரும் சிரிக்கவில்லை.
கிலோ குறைந்த நாளில் விழுவது அரைப்பேர்.
நான் எத்தனை கிலோ குறைந்தேன்?
முப்பத்தெட்டுப் பிள்ளைகள், நடுவில் ஒரு தட்டி,
தட்டிக்கு அந்தப் பக்கம் தரம் ஒன்பது,
அதற்கும் நானே.
ஆனால் அவளிடம் ஒன்றை நான் சொல்லவில்லை,
என் அரைப்பேர்
அவள் அம்மாவின் முழுப்பேரைவிடக் கூட.
மணியடித்தது நல்லதாய்ப் போயிற்று.

விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு சீட்டு.
புள்ளடி இல்லை. பென்சிலில் குண்டு குண்டாய்:
எங்க பல்லிக்கூடத்துக்கு இங்கிலீஸ் டீச்சர் வேனும்.
என் கை சிவப்புப் பேனாவைத் தேடிப்
பைக்குள் போய் வந்தது.
மேற்பார்வையாளர் முத்திரையை நீட்டினார்:
நிராகரிக்கப்பட்டது.
குமுதினி மிஸ் என்னவென்று கேட்டார், சொன்னேன்.
கேட்டுவிட்டு அந்தச் சீட்டின் மடிப்பை
நகத்தால் ஒருமுறை நீவிக் கொடுத்தார்.

ஏழாம் இலக்கம் வென்றது.
மூன்று தரம் சரிபார்த்தோம், ஒரு வாக்கும் பிசகவில்லை.
அவருடைய ஐந்து வருடத்தை
எச்சில் தொடாத விரலால் எண்ணிக் கொடுத்துவிட்டு
வெளியே வந்தால் பனி,
வாகன வரிசை, வெடிச்சத்தம்.
போன தேர்தலுக்குரிய கொடுப்பனவு இன்னும் வரவில்லை.
இதற்கும் ஒரு படிவம் நிரப்பியிருக்கிறேன்.

முதல் தலவாக்கலை பஸ்.
கண்டக்டர் சில்லறைப் பையைக் குலுக்கி
"அஞ்சு ரூவா பிறகு தாரேன் மிஸ்" என்றார்.
எத்தனையோ அஞ்சு ரூபாய்களைப்
பிறகுக்கு விட்டிருக்கிறேன்.

"இல்ல, இப்பவே தாங்க."

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
கையை மடக்காமல் வைத்திருந்தேன்.