ஃபிரிட்ஜ் கதவில்

தூவும்பா, தபால் பிரிக்கும் கூடம்,
விடிய இன்னும் நேரம் இருக்கிறது.
"என் தயிரைத் தின்றது யார்" என்ற பழைய புகாருக்குக் கீழே
ஃபிரிட்ஜ் கதவில் ஒரு புதுச் சீட்டு:
'வோம்பாட்டின் புழுக்கை சதுரக் கட்டி.'
பெயர் இல்லை.

அன்று நான் பிரித்த பார்சல்கள் எல்லாம்
நாலு மூலையோடு என்னையே பார்த்தன.
சிரிப்பை அடக்க முடியாமல்
காக்காய் வலசைபோல் கடிதங்கள் கண்ட பெட்டிக்குப் போயின.

மறுநாள் இன்னொன்று.
'ஆக்டோபஸுக்கு மூன்று இதயம்.'
அதனடியில் டிராகான், பென்சிலில்:
'எனக்கு ஒன்றுதான். அதுவே தகராறு.'
மாத்திரை டப்பா
அவன் சட்டைப் பையில் நடக்கும்போதெல்லாம் கிலுகிலுக்கும்.

பிறகு நின்றபாடில்லை.
ஒரு காலத்தில் ஓவியருக்கு நல்ல நீலம்
ஆப்கன் மலையில் வெட்டிய கல்லை அரைத்தால்தான்.
பொன்னைவிட விலை.
படத்துக்குப் பணம் கட்டுகிறவர் ஒப்பந்தத்திலேயே கேட்பாராம்,
அன்னையின் அங்கிக்கு எந்தத் தரத்து நீலம் என்று.
இது வந்தது பேக்கரி ரசீதின் பின்பக்கம்.
எழுத்து பின்னால் சாய்ந்திருந்தது: இடக்கை.
கூடத்தில் இடக்கைக்காரர் மூவர்.
மூவரும் சத்தியம் செய்தார்கள்.

அடுத்தது என் முறை என்று
யாரும் சொல்லாமல் நானே முடிவு செய்தேன்.
'என் மொழியில் நிலாவுக்கும் மாதத்துக்கும்
இன்றைய நாளுக்கும் ஒரே பெயர். திங்கள்.'
ஒட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்தித்தான் நின்றேன்.

க்ளெனிஸ் தேநீரை ஊதிக்கொண்டே படித்தாள்.
"எங்களுக்கும் அதே கதைதானே, சுகி?
மூன், மன்த், மன்டே."
ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள்.

நாற்பத்தோரு வருடம் திங்கள் என்றிருக்கிறேன்.
பதினேழு வருடம் மன்டே என்றிருக்கிறேன்.
இரண்டுக்குள்ளும் நிலா இருந்ததை
ஒரு திங்களும் நான் கண்டதில்லை.

விடுவேனா?
'பழைய தமிழில் சிவப்பு என்றாலும் கோபம்,
கறுப்பு என்றாலும் கோபம்.'
'நீலம் என்றால்?' என்றது பென்சில்.
தெரியாது என்று எழுதினேன்.
தெரியாது என்று அந்தக் கதவில் எழுதப்பட்டது
அதுதான் முதல் தடவை.

பதில் பின்வேலியில் இருந்தது.
லாண்டானாப் புதரடியில் ஒரு பறவை
குச்சி நட்டுப் பந்தல் போட்டிருந்தது.
வாசலில் நீலமாய் ஒரு சீர்வரிசை:
பேனா மூடிகள், துணிக் கிளிப், பால்புட்டி மூடி,
போன மாதம் நாங்கள் சண்டை போட்ட ஸ்டேப்ளரின் பிடி.
பந்தல் மட்டும் போடுவானாம் மாப்பிள்ளை.
குடித்தனத்துக்கு வரமாட்டான்.
கூடு, முட்டை, குஞ்சு எல்லாம் அவள் பாடு.
"என் முதல் புருஷன்," என்றாள் க்ளெனிஸ்.

அன்று மாலைச் சீட்டு:
'ஆண் ஏழு வருடம் பச்சையாகத் திரியும்.
பிறகுதான் நீலம் ஏறும்.'

தற்காலிக ஊழியருக்குக் கழுத்து நாடா பச்சை.
நிரந்தரம் என்றால் நீலம்.
நம்புங்கள், நான் இட்டுக்கட்டவில்லை.
எனக்கு இது ஏழாம் வருடம்.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
மாத்திரை டப்பா மட்டும் ஒருமுறை கிலுங்கியது.

வியாழன் காலை டிராகானின் நாடாவைக் காணோம்.
ஜன்னலில் தொங்கப் போட்டிருந்தானாம், தவறுதலாக.
வேலியோரம் போய்ப் பார்த்தோம்.
பந்தல் வாசலில் பாம்புபோல் சுருண்டு கிடந்தது.
எடுக்கக் குனிந்தேன்.
"விடு, கல்யாண வீடு," என்றான்.

அலுவலகத்தில் மிச்சம் இருந்தது பச்சைதான்.
இருபத்தாறு வருட நிரந்தரக்காரன்
அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
எனக்கு எதிர்மேசையில் கடிதம் பிரித்தான்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து
கதவில் ஒரு சீட்டு ஒட்டினேன்.
பெயர் போடவில்லை.
எழுதியது இடக்கையால்.