அறுபது நிமிட நாடா

பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தேன்.
மண்டபத்தில் நிஸ்தார் கடை.
“கடைசிப் பாட்டு முழுசா ஏறாதும்மா, பரவாயில்லையா?”
இன்னொரு கேசட்டுக்குக் காசில்லை.
பரவாயில்லை.

இரண்டாம் சரணத்தில்
‘உன்’ என்று வாயெடுக்கிறாள் பாடுகிறவள்.
டக்.
பொத்தான் மேலே வந்துவிடும்.
பிறகு பாம்பன் காற்றுதான்.

அந்த ‘உன்’னை வைத்துக்கொண்டு
பதினோரு வருஷம் என்ன செய்வது?
உன் கண்ணா, உன் கடனா, உன் ஊர் பஸ்ஸா.
ஆள் யாரும் இல்லை.
‘உன்’ மட்டும் இருந்தது.

ஐஸ் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை.
எந்தப் படகுக்கு எத்தனை பார் என்ற நோட்டில்
பின்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
மெட்டு, முதல் சரணத்திடம் கடன்.

உன் மடியில் ஏறிய பேத்தையை
நீயே கடலில் விடுகிறாய்
என்னை மட்டும் ஏன் எண்ணிப் பார்க்கிறாய்

பேத்தை மெட்டில் இடித்தது.
காரலைப் போட்டதும் உட்கார்ந்தது.
காரலை யாரும் கடலில் விடமாட்டார்கள்,
கருவாட்டுக்காவது ஆகும்.
மெட்டுக்காக ஒரு பொய்.

தடைக்காலத்தில் கம்பெனி சும்மா கிடக்கும்.
மூன்றாவது வரியை நாற்பத்தைந்து நாளும் மாற்றினேன்.
படகுகள் போகத் தொடங்கியதும்
ஐஸ் அரைக்கும் மிஷின் இரைச்சலில்
சத்தமாகவே பாடிப் பார்த்தேன், யாருக்குக் கேட்கும் என்று.

எமரிட்டுக்குக் கேட்டிருக்கிறது.
அவன் படகில் ஐந்து பேர்.
அவர்கள் வழியாக இன்னும் நாலு படகு.
மீன் பிரிக்கையில் என் காரல்
சினிமாப் பாட்டாகவே போய்வந்தது.
நானும் வாய்திறக்கவில்லை.

போன மாசம் ராமநாதபுரம் பஸ்ஸில் அந்தப் பாட்டு.
பாலத்தின் மேல், எல்லா ஜன்னலும் திறந்திருக்க
முதல் சரணம் முடிந்து, புல்லாங்குழல் முடிந்து,
எனக்கு வயிறு பிசைந்தது,
‘உண்மை’ என்றாள்.

உன் இல்லை. உண்.
தேய்ந்த நாடாவின் இரைச்சலில்
ரெண்டு சுழி எது, மூணு சுழி எது.
உண்மைக்குப் பின்னால் நிலா, மல்லிகை,
வழக்கமான சாமான்கள்.

பின்சீட்டில் எமரிட் படகுப் பையன்
பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்:
“வரியை மாத்திப் பாடியிருக்கா பாரு.
ஒரிஜினல்ல காரல் வரும்.”

உச்சிப்புளியில் இறங்க வேண்டியவள்
ராமநாதபுரம் வரை போய்விட்டேன்.
கண்டக்டர் இன்னொரு டிக்கெட் கிழித்தார்.
இந்தத் தடவை கையில் காசிருந்தது.