பன்னிரண்டாம் இடம்

உங்களை நான் கண்ணாடிச் சில்லில்தான் சந்தித்தேன்,
வாஷிங்டன் பெந்தாங்கோர்.
ஒரு செவ்வாய்க்கிழமை. மொந்தேவிதேயோவில் தென்காற்று
ஆய்வகச் சன்னலை ஆட்டிக்கொண்டிருந்தது.
கல்லீரலின் வலப்பாதி, எழுநூற்றுப் பத்து கிராம்.
அரிந்த முகத்தில் நானே நீல மை பூசினேன்.

உள்ளே மூன்று வெள்ளை முடிச்சுகள்.
போன வருடம் வெட்டிய குடலிலிருந்து
அதற்கு முன்பே கிளம்பியவை.
அவற்றில் ஒன்று
மைக்கு முக்கால் மில்லிமீட்டரில் நின்றிருந்தது.
"ஓரம் சுத்தமா?" அறுவை மருத்துவர் ஓத்ரியோசொலா
தொலைபேசியில் கேட்டார்.
சுத்தம்தான், ஆனால் ஒல்லி என்றேன்.
பதிலுக்கு மாத்தே உறிஞ்சும் சத்தம் மட்டும்.

மரபணு அறிக்கை பிறகு வந்தது.
கேராஸ். பன்னிரண்டாம் இடம்.
கிளைசீன் உட்கார வேண்டிய நாற்காலியில் வாலீன்.
கொஞ்சம் பருத்த ஆள், வேறொன்றும் இல்லை.
அந்தப் பருமனுக்கே
வளர் என்ற பொத்தான்
அழுந்தியபடி சிக்கிக்கொள்கிறது.

படிவத்தில் தொழில்: லிஃப்ட் பழுதுபார்ப்பவர்.
உங்களிடம் இதைச் சுலபமாகச் சொல்லியிருக்கலாம்.
நான் யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை.

கட்டுரைகளைப் புரட்டினேன்.
இந்த மாற்றம் உள்ளவர்களுக்குச் சீக்கிரம் திரும்பி வருமாம்,
ஒல்லி ஓரம் அவர்களை அவ்வளவாக மன்னிப்பதில்லையாம்.
வரைபடத்தில் ஒரு படிக்கட்டு இறங்குகிறது,
படிக்கு ஒருவராக, சிலசமயம் இருவராக.
எந்தப் படி நீங்கள் என்று
அடிக்குறிப்பிலும் இல்லை.

எஞ்சிய கல்லீரல் இதற்குள்
வயிற்றின் இருட்டில் பெருக்கத் தொடங்கியிருக்கும்.
அதற்கும் அதே ஆணை, வளர்.
அது மட்டும் போதும் என்று நிறுத்தத் தெரிந்தது.

துராஸ்னோ தெருவில் என் கட்டடத்து லிஃப்ட்
மடக்குக் கம்பிக்கதவு வைத்த கிழம்.
ஆறு வருடமாக ஏறி இறங்குகிறேன்,
கண்ணாடியோரம் செருகிய சோதனை அட்டையைப்
படித்ததே இல்லை.
மார்ச் வரை வ. பெந்தாங்கோர், வால் நீண்ட கையெழுத்து.
ஏப்ரலில் யாரோ பால்பாயிண்ட்டில் கிறுக்கியிருக்கிறார்.
மே, ஜூன், ஜூலை அதே கிறுக்கல்.
இரண்டு மாதம் வெறுமை.

நேற்று, கையில் ரொட்டிப் பையோடு,
மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவே
அக்டோபர் வரியைப் பார்த்தேன்.
வால் குட்டையாகியிருந்தது.
மை நீலம்.

நாலாம் மாடி வந்தது. நான் இறங்கவில்லை.
கதவை மறுபடி இழுத்துச் சாத்தி
கீழே போகும் பொத்தானை அழுத்தினேன்,
அது விட்டதும் மேலே எழும்பி வருகிறதா
என்று பார்ப்பதற்காக.